படக் கோப்புகளின் வடிவங்களும் அவற்றை மாற்றும் முறையும்

ஒடிசா மாநிலத்தின் கோராபுட் மலைப்பகுதியில் வேளாண்மைக் களப்பணியாளர் ஒருவர் நெல் வயலில் நிற்கிறார் எனக் கொள்வோம். பயிரின் இலைகளில் புள்ளிகள் தோன்றியுள்ளன. அவை குலைநோயின் அறிகுறியா, பழுப்புப் புள்ளி நோயின் அறிகுறியா என்பதை அவரால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. குலைநோயாயின் புள்ளி கண்ணைப் போன்று இரு முனையும் கூர்ந்து, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமும் கொண்டிருக்கும். மற்றதாயின் எள்ளைப் போன்று நீள்வட்டமாக இருக்கும். அதைச் சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று மெல்லியதாகக் காணப்படும். பணியாளர் தம் கைபேசியால் படம் எடுத்து, கட்டாக்கிலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்து நிபுணர் ஒருவருக்குச் செய்திச் செயலி வழியாக அனுப்புகிறார். நிபுணர் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். புள்ளிகள் சதுரம் சதுரமாகச் சிதறித் தெரிகின்றன. மஞ்சள் வளையம் இலையின் பச்சையோடு கலந்து மறைந்துவிட்டது. "தெளிவான படம் அனுப்புக" என்று பதில் எழுதுகிறார். பணியாளரோ, தம் கைபேசியில் அதே படம் மிகத் தெளிவாக இருப்பதைக் கண்டு வியப்படைகிறார்.

இக்குழப்பம் அற்பமானதன்று. குலைநோய் தழைச்சத்து மிகுந்த வயலில் கடுமையாகப் பரவும். ஆதலின் நோய் கண்டவுடன் தழைச்சத்தை மேலுரமாக இடுவதை நிறுத்தி வைப்பர். பழுப்புப் புள்ளி நோயோ பெரும்பாலும் சத்துக் குறைந்த மண்ணில் தலைகாட்டுவது. அங்கு மண்ணின் குறையைத் தீர்க்க உரமிட வேண்டும். ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் செய்யும் உபாயம் நேர்மாறாகிவிடும். ஒரு குடும்பத்தின் ஒரு பருவத்து விளைச்சல் அந்த மெல்லிய மஞ்சள் வளையத்தைப் பொறுத்து நிற்கிறது.

பணியாளர் கூறுவதும் உண்மை, நிபுணர் கூறுவதும் உண்மை. படம் ஒன்றே, ஆனால் அவர்கள் பார்த்த கோப்புகள் வெவ்வேறு. கோராபுட்டிற்கும் கட்டாக்கிற்கும் இடையே அப்படம் ஒரு முறை சிறிதாக்கப்பட்டு, மறுமுறை சுருக்கப்பட்டது. அதனை யாரும் வேண்டவில்லை. செயலி தானாகவே செய்தது.

படம் எண்களாவது எவ்வாறு?

கணிப்பொறிக்குப் படமென்பது எண்களின் அட்டவணையே. கோலத்திற்குப் புள்ளி வைப்பதுபோல் படப்பரப்பு முழுவதும் வரிசை வரிசையாகப் படப்புள்ளிகள் அமைந்துள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளின் அளவைக் குறிக்கும் மூன்று எண்கள் உண்டு. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். அதைச் சேமிக்க ஒரு பைட் இடம் தேவை. இன்றைய சாதாரணக் கைபேசி ஒன்று கிடைவாக்கில் 4,000 புள்ளிகளும் நெடுக்குவாக்கில் 3,000 புள்ளிகளும் கொண்ட படத்தை எடுக்கிறது. அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 3 கோடியே 60 லட்சம் பைட், அல்லது 36 மெகாபைட், ஆகிறது. ஆயினும் அக்கைபேசியில் உள்ள கோப்பை நோக்கினால் அது மூன்று முதல் ஐந்து மெகாபைட்டே இருக்கும். மீதி முப்பது மெகாபைட் எங்கே போயிற்று?

இதற்கு விடை சுருக்க முறைகளில் உள்ளது. அவை இரு வகைப்படும்.

மளிகைக் கடைக்காரர் தம் கணக்கில் "அரிசி மூட்டை" என்று நாற்பது முறை எழுதுவதில்லை. "அரிசி, மூட்டை 40" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். அந்த ஒரு வரியிலிருந்து நாற்பது மூட்டைகளையும் பிழையின்றி மீட்டுக் கூறலாம். வெள்ளைத் தாளில் வரைந்த படத்தில் அடுத்தடுத்து ஐந்நூறு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அவற்றையும் அவ்வாறே குறிக்கலாம். இஃது இழப்பற்ற சுருக்கம்.

பள்ளி ஆண்டு விழாவில் ஒருவர் ஒரு மணி நேரம் சொற்பொழிவாற்றுகிறார். பத்திரிகை நிருபர் அதை ஒரு பத்தியில் எழுதிவிடுகிறார். பொருள் கெடவில்லை. ஆனால் அப்பத்தியை வைத்துக்கொண்டு சொற்பொழிவாளர் பேசிய ஒவ்வொரு சொல்லையும் மீட்க இயலாது. இஃது இழப்புள்ள சுருக்கம். கைபேசியின் முப்பது மெகாபைட் பெரும்பாலும் இவ்விரண்டாம் வழியிலேயே சென்றது.

ஜேபெக் செய்யும் வேலை

இழப்புள்ள முறைகளுள் உலகெங்கும் பரவியது ஜேபெக் என்பது. புகைப்பட வல்லுநர்களின் கூட்டுக் குழு ஒன்று வகுத்த இந்தத் தரமுறை 1992-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் உள்ளே இயங்கும் கணிதம் அதற்கும் பதினெட்டு ஆண்டுகள் முற்பட்டது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட சிறு கட்டுரையில் அது விளக்கப்பட்டது. இவர்களுள் ராவ் சென்னை கிண்டி பொறியியற் கல்லூரியில் பயின்றவர். அகமது இந்த ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டி 1972-இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான நிறுவனத்திற்கு விண்ணப்பித்தபோது அது மறுக்கப்பட்டது. கருத்து மிகவும் எளிதாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் குறை கூறியதாக அகமதுவே பின்னர் எழுதியிருக்கிறார். அந்த எளிய கருத்தே இன்று நாம் எடுக்கும் புகைப்படங்களுள் மிகப் பெரும்பாலானவற்றைத் தாங்கி நிற்கிறது.

மனிதக் கண் ஒளியின் ஏற்றத்தாழ்வை நுட்பமாக உணரும். நிறத்தின் ஏற்றத்தாழ்வை அத்துணை நுட்பமாக உணராது. இதனை ஜேபெக் பயன்படுத்திக்கொள்கிறது. முதலில் படத்தை ஒளி வேறு, நிறம் வேறு எனப் பிரிக்கிறது. ஒளியை முழுமையாக வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் பெரும்பாலும் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகச் சராசரி செய்துவிடுகிறது. பின்னர் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 64 எண்கள் இருக்கும். இந்த 64 எண்களையும் 64 வகை அலைகளின் அளவுகளாக மாற்றுவதே மேற்கூறிய மூவரின் கணிதம். முதல் எண் கட்டத்தின் சராசரி ஒளியைக் காட்டும். தொடர்ந்து வருபவை படிப்படியாக நுண்ணிய மாறுதல்களைக் காட்டும். இதுவரை பெரிய இழப்பு ஏதும் இல்லை. அடுத்து ஒவ்வோர் எண்ணையும் குறிப்பிட்ட ஓர் எண்ணால் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணாக்குகிறது. நுண்ணிய மாறுதல்களைக் காட்டும் எண்கள் பெரும்பாலும் சுழியாகிவிடுகின்றன. சுழிகளின் நீண்ட வரிசையை மளிகைக் கடைக்காரரின் முறையில் சுருக்குவது எளிது.

தரம் எத்தனை விழுக்காடு என்று படச் செயலிகள் கேட்பது இந்த வகுக்கும் எண் சிறிதா பெரிதா என்பதைப் பற்றித்தான். தரம் மிகக் குறைந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் சராசரி ஒளியைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. அப்பொழுதுதான் படம் சதுரம் சதுரமாகத் தெரிகிறது.

இப்பொழுது மஞ்சள் வளையம் மறைந்த காரணம் விளங்கும். பச்சை இலையின் மேல் மஞ்சள் வளையம் ஒளியால் அதிகம் வேறுபடுவதன்று, நிறத்தால் வேறுபடுவது. செய்திச் செயலி 4,000 புள்ளி நீளமுள்ள படத்தை 1,600 புள்ளி நீளமாகக் குறைத்தால் மொத்தப் புள்ளிகளில் நூற்றுக்குப் பதினாறு பங்கே எஞ்சும். அதிலும் நிறம் நான்கிற்கு ஒன்றாகச் சராசரியாகிறது. மூன்று நான்கு புள்ளி அகலமே இருந்த வளையம் இலையோடு கலவாமல் என் செய்யும்?

ஜேபெக்கைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. மனிதர் முகம், மரம், வானம், கால்நடை, கட்டடம் முதலியவற்றின் புகைப்படங்களுக்கு அதனினும் எளிதாக எங்கும் திறக்கக்கூடிய வடிவம் வேறில்லை. நல்ல தரத்தில் ஒரு முறை சேமித்த ஜேபெக் படத்தில் சாதாரணக் கண்ணுக்குக் குறை ஏதும் தெரியாது. அதனை மீண்டும் மீண்டும் திருத்திச் சேமிப்பதே தீங்கு.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். கோப்பைப் பிரதி எடுப்பதாலோ, திறந்து பார்த்து மூடுவதாலோ, ஒரு கருவியிலிருந்து மற்றொன்றிற்கு அப்படியே மாற்றுவதாலோ படம் தேய்வதில்லை. திறந்து, திருத்தி, மீண்டும் ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான் தேய்கிறது. அதிலும் மாறுதல் ஏதுமின்றி அதே செயலியில் அதே தரத்தில் சேமித்தால் தேய்மானம் மிகச் சிறிதே. ஓரத்தைச் சிறிது வெட்டினாலோ, அளவை மாற்றினாலோ, பழைய கட்டங்களின் மேல் புதிய கட்டங்கள் இடம் பெயர்ந்து விழுகின்றன. இழப்பு மேல் இழப்பாகிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகச் செய்து காட்டலாம். கரும்பலகையில் எழுதிய ஒரு வரியைப் படம் எடுத்து, ஒவ்வொரு முறையும் மேலோரத்திலும் இடவோரத்திலும் மூன்று புள்ளிகள் வெட்டி, நடுத்தரமான தரத்தில் பத்து முறை சேமிக்க. முதற் படத்தையும் பத்தாம் படத்தையும் அருகருகே பெரிதாக்கினால் எழுத்துகளைச் சுற்றிப் புகை படிந்தாற்போல் இருப்பதை மாணவர் தாமே காண்பர்.

கோடும் எழுத்தும்

எழுத்தின் ஓரம் கூர்மையானது; கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரே தாவலாகத் தாவுவது. அலைகளைக் கொண்டு அத்தாவலைக் காட்ட வேண்டுமாயின் நுண்ணலைகள் எல்லாம் தேவை. ஜேபெக் முதலில் கைவிடுவது அவற்றைத்தான். ஆகவே வரைபடம், சுற்றமைப்புப் படம், அட்டவணை, கணிப்பொறித் திரையின் படம், தேர்வு வினாத்தாள் ஆகியவற்றிற்கு ஜேபெக் ஏற்றதன்று. இவற்றிற்கு உரியது பி.என்.ஜி. என்னும் இழப்பற்ற வடிவம்.

பி.என்.ஜி. பிறந்த வரலாறு சுவையானது. 1987-இல் தோன்றிய ஜிஃப் என்னும் வடிவம் 256 நிறங்களை மட்டுமே ஏற்பதாயினும் அக்காலத்தில் எங்கும் வழங்கியது. அதில் பயன்பட்ட சுருக்க முறைக்கு ஒரு நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. ஜிஃப் படங்களைக் கையாளும் மென்பொருள்களுக்குக் கட்டணம் கேட்கப்படும் என்னும் செய்தி 1994-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் வெளியாயிற்று. உடனே பல நாட்டுப் பொறியாளர்கள் இணைய வாயிலாகவே ஒன்றுகூடி, காப்புரிமைத் தளையற்ற புதிய வடிவம் ஒன்றை வகுத்தனர். 1996 அக்டோபரில் அது உலகளாவிய வலைத் தரங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அந்தக் காப்புரிமை அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டிலேயே காலாவதியாகிவிட்டது. எனினும் பி.என்.ஜி. நிலைத்துவிட்டது.

கோட்டுப் படத்தைப் பி.என்.ஜி.யாகச் சேமித்தால் அது ஜேபெக்கைவிடச் சிறிதாகவும் தெளிவாகவும் அமைவதுண்டு. புகைப்படத்தையே பி.என்.ஜி.யாகச் சேமித்தால் பன்மடங்கு பெரிதாகிவிடும். ஏனெனில் இயற்கைக் காட்சியில் ஒரே எண் அடுத்தடுத்து வருவது அரிது. மளிகைக் கடையில் ஒவ்வொரு மூட்டையும் வெவ்வேறு சரக்காயின் கணக்கைச் சுருக்குவது எவ்வாறு?

இன்னொரு தவறும் பரவலாக உள்ளது. மங்கிய ஜேபெக் படத்தைப் பி.என்.ஜி.யாக மாற்றினால் தெளிவு திரும்பும் என்று பலர் நம்புகின்றனர். மங்கிய கடிதத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் அது மேலும் மங்காது. அழிந்த எழுத்து மீண்டும் தோன்றாது. கோப்பின் அளவு மட்டும் பெருகும்.

ஒளி ஊடுருவும் பின்னணி கொண்ட பி.என்.ஜி. படத்தை ஜேபெக்காக மாற்றும்போது அப்பின்னணி செயலிக்கேற்ப வெண்மையாகவோ கறுப்பாகவோ ஆகிவிடும். கறுப்பு மையில் இட்ட கையொப்பம் கறுப்புப் பின்னணியில் முற்றிலும் மறைந்துபோவது இதனால்தான்.

பழைய பதிவேடுகள்

இக்கட்டுரையாளர் முன்னர்ப் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மழையளவுப் பதிவேடுகளை வருடிப் பொறியால் படமாக்கினோம். வட்டில் இடம் மிச்சமாக வேண்டும் என்று கருதி, சிறிய அளவில், தாழ்ந்த தரத்தில், ஜேபெக்காகச் சேமித்தோம். பதிவேடுகள் பின்னர்க் கழிவுத் தாளாக எடைக்குப் போயின. சில ஆண்டுகள் கழித்து அவ்வெண்களைத் தொகுக்க முற்பட்டபோது, மங்கிய நீல மையில் எழுதப்பட்ட 3, 8 ஆகியவற்றை வேறுபடுத்த இயலவில்லை. அந்த மழையை மீண்டும் பெய்விக்க எவராலும் ஆகாது. அன்று மிச்சப்படுத்திய இடத்தின் விலை இன்று ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் காணாது.

கணக்கைப் பாருங்கள். ஏ4 அளவுள்ள தாளை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் வருடினால் 2,480-க்கு 3,508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். முழு நிறத்தில் இது 26 மெகாபைட். சாம்பல் நிற அளவில் 8.7 மெகாபைட், வெறும் கறுப்பு வெள்ளையில் 1.1 மெகாபைட்டிற்குச் சற்றுக் குறைவு. கறுப்பு வெள்ளைப் பக்கத்தைத் தொலைநகல் இயந்திரங்களுக்காக வகுக்கப்பட்ட இழப்பற்ற முறையால் மேலும் சுருக்கினால், தட்டச்சிட்ட சாதாரணப் பக்கம் நூறு கிலோபைட்டிற்கும் குறைவாகிவிடும். தெளிவாக அச்சிட்ட சுற்றறிக்கைக்கு இதுவே போதும். மங்கிய மையும் பென்சிலும் கறை படிந்த தாளும் உடைய பதிவேட்டிற்குக் கறுப்பு வெள்ளை ஆகாது. எது எழுத்து, எது கறை என்பதை இயந்திரம் அவசரப்பட்டுத் தீர்மானித்துவிடும். அத்தகையவற்றை நிறத்தோடு டிஃப் வடிவில் வைப்பதே எமது அபிப்பிராயம்.

டிஃப் 1986-இல் தோன்றியது. அதன் ஆறாம் பதிப்பு 1992-இல் வெளிவந்தது. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் மூலப் பிரதிக்கு அதனையே பெரிதும் நம்புகின்றன. ஆனால் டிஃப் என்பது ஒரு பெட்டி போன்றது. அதனுள் இழப்பற்ற படமும் இருக்கலாம், ஜேபெக் முறையில் சுருக்கிய படமும் இருக்கலாம். சேமிக்கும்போது செயலி கேட்கும் கேள்வியைப் படித்து, இழப்பற்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எண்களைப் பற்றிப் பேசும்போது 2013-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிகழ்ந்ததைக் கூறாமல் விட இயலாது. டேவிட் கிரீசெல் என்னும் கணிப்பொறி விஞ்ஞானி ஒரு கட்டட வரைபடத்தின் நகலை ஆராய்ந்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என்று இருந்தது. வருடியும் நகலெடுக்கும் பொறியிலிருந்து வந்த தாளிலோ மூன்றும் 14.13 என்றே காணப்பட்டன. எண்கள் மங்கவில்லை, மிகத் தெளிவாக, தவறாக அச்சாகியிருந்தன. அப்பொறி பயன்படுத்திய ஜேபிக்-2 என்னும் சுருக்க முறை, ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களை ஒரே வடிவமாகக் கருதி, ஒன்றை மட்டும் சேமித்து மற்ற இடங்களில் அதனையே பதித்துவிடும். 6 இருந்த இடத்தில் 8 வந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். பொறியைச் செய்த நிறுவனம் பின்னர் மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. மங்கிய எண்ணைக் கண்டால் நாம் ஐயுறுவோம். தெளிவான பொய் எண்ணைக் கண்டு யார் ஐயுறுவர்? சம்பளப் பட்டியல், மருந்தின் அளவு, நில அளவை ஆகிய தாள்களை வருடும்போது சில எண்களையாவது மூலத்தோடு ஒப்பிடுவது நலம்.

விண்ணிலிருந்து வரும் படம்

2011 ஏப்ரலில் ஏவப்பட்ட ரிசோர்ஸ்சாட்-2 செயற்கைக்கோளின் அகல்பரப்புக் கருவி ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் 4,096 படிகளாக அளக்குமாறு அமைக்கப்பட்டது. சாதாரண ஜேபெக் ஏற்பது 256 படிகளே. அத்தகைய படத்தை ஜேபெக்காக மாற்றினால் பதினாறு படிகள் ஒன்றாகக் கலந்துவிடும். அகச்சிவப்பு ஒளிக்கும் சிவப்பு ஒளிக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு பயிரின் செழுமையைக் கணிப்போர் அக்கோப்பை வைத்து ஒன்றும் செய்ய இயலாது. மேலும் இப்படங்கள் ஜியோடிஃப் என்னும் வடிவில் வரும்போது ஒவ்வொரு புள்ளியும் பூமியில் எந்த இடத்தைக் குறிக்கிறது என்னும் செய்தி கோப்பினுள்ளேயே அடங்கியிருக்கும். சாதாரணப் படச் செயலியில் திறந்து சேமித்தால் அச்செய்தி அநேகமாக நீங்கிவிடும். பார்க்க அழகான படம் மிஞ்சும், வரைபடம் மிஞ்சாது. சுவரில் ஒட்டவும் அறிக்கையில் சேர்க்கவும் ஜேபெக் பிரதி எடுத்துக்கொள்க. கணக்கிடுவதற்கு மூலத்தைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

பெயரை மாற்றுவது வடிவத்தை மாற்றுவதன்று

2017 முதல் ஆப்பிள் நிறுவனத்தின் கைபேசிகளும், பின்னர் வேறு சிலவும், எச்.ஈ.ஐ.சி. என்னும் புது வடிவில் படங்களைச் சேமிக்கின்றன. ஜேபெக்கின் ஏறத்தாழப் பாதி இடத்தில் அதே தெளிவைத் தருவதே இதன் சிறப்பு. கூகிள் நிறுவனம் 2010-இல் அறிமுகம் செய்த வெப்.பி. என்னும் வடிவமும் வலைத்தளங்களிலிருந்து எடுக்கும் படங்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. இவை நல்ல வடிவங்களே. ஆயினும் பழைய கணிப்பொறிகளும் பல விண்ணப்பத் தளங்களும் இவற்றை ஏற்பதில்லை. அப்பொழுது சிலர் கோப்பின் பெயரிலுள்ள கடைசி எழுத்துகளை மட்டும் ஜேபெக்கிற்கு உரியவையாகத் திருத்தி அனுப்பிவிடுகின்றனர். சீசாவின் மேல் ஒட்டிய தாளை மாற்றினால் உள்ளிருக்கும் மருந்து மாறுமா? ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் அதன் வடிவத்தைக் காட்டும் எண்கள் உள்ளன. ஜேபெக் கோப்பு 255, 216 என்னும் எண்களோடு தொடங்கும், பி.என்.ஜி. கோப்பு 137, 80, 78, 71 என்று தொடங்கும். விண்ணப்பத் தளம் இவற்றைச் சோதித்துக் கோப்பை நிராகரித்துவிடும். காரணம் அறியாத மாணவர் இறுதி நாளன்று மீண்டும் மீண்டும் முயன்று வாய்ப்பை இழக்க நேரிடும். கோப்பைப் படச் செயலியில் திறந்து, வேறு வடிவில் சேமிக்கும் கட்டளையைப் பயன்படுத்துவதே உண்மையான மாற்றம். அக்கைபேசிகளில் தொடக்கத்திலேயே ஜேபெக்காக எடுக்குமாறு கேமரா அமைப்பை மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு.

விண்ணப்பங்களில் புகைப்படம் 20 முதல் 50 கிலோபைட்டிற்குள்ளும், கையொப்பம் 10 முதல் 20 கிலோபைட்டிற்குள்ளும் இருக்க வேண்டுமென்ற நிபந்தனை அடிக்கடி காணப்படுகிறது. உதவி செய்யும் ஆசிரியர்கள் பெரும்பாலும் கைபேசிப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு தரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே போகின்றனர். 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளை 50 கிலோபைட்டில் அடைத்தால் முப்பது புள்ளிகளுக்கு ஒரு பிட், அதாவது பைட்டில் எட்டில் ஒரு பங்கு, கிடைக்கும். முகம் சதுரங்களாகச் சிதையாமல் என்னாகும்? முறை வேறு. முதலில் முகமும் தோளும் மட்டும் அமையுமாறு வெட்ட வேண்டும். அடுத்து அகலம் 200, உயரம் 230 புள்ளி என்றாற்போல், கேட்கப்பட்ட அளவிற்குக் குறைக்க வேண்டும். இப்பொழுது இருப்பவை 46,000 புள்ளிகளே. 46 கிலோபைட் என்றால் புள்ளிக்கு ஒரு பைட் கிடைக்கிறது. தரத்தைச் சிறிதளவே குறைத்தால் போதும்.

வடிவம் மாற்றித் தருவதாகக் கூறும் இலவச வலைத்தளங்கள் பல உள்ளன. பூவின் படத்தை அங்கே அனுப்புவதில் தீங்கில்லை. ஒரு மாணவரின் அடையாள அட்டையையும் சான்றிதழையும் முன்பின் அறியாத ஒருவரின் கணிப்பொறிக்கு அனுப்புவதை எம்மால் ஆதரிக்க இயலாது. இவ்வேலையை நம் கணிப்பொறியிலேயே செய்ய ஜிம்ப், இமேஜ்மாஜிக் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. பின்னது நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே கட்டளையில் மாற்றும்.

படத்தோடு செல்லும் குறிப்புகள்

கைபேசிப் படத்தினுள் எடுத்த நாள், நேரம், கருவியின் பெயர், இருப்பிடம் காட்டும் வசதி இயங்கினால் அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவையும் பதிவாகின்றன. களப்பணியாளருக்கு இவை சாட்சி. கிணறு வெட்டிய இடமும், மரக்கன்று நட்ட நாளும் இதனால் உறுதியாகின்றன. செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கும்போது இக்குறிப்புகளைப் பெரும்பாலும் நீக்கிவிடுகின்றன. சில வடிவமாற்றிகளும் அவ்வாறே செய்கின்றன. அலுவலகம் இருப்பிடச் சான்று கேட்டால் மூலக் கோப்பையே அனுப்ப வேண்டும். இதற்கு மறுதலையும் உண்டு. ஒரு குழந்தையின் வீட்டு முற்றத்தில் எடுத்த படத்தைப் பள்ளியின் வலைத்தளத்தில் இடும் ஆசிரியர், அவ்வீட்டின் இருப்பிடத்தையும் உலகிற்கு அறிவித்துவிடக்கூடும். அங்கே குறிப்புகளை நீக்கிய பிரதியே ஏற்றது.

கோராபுட் பணியாளரிடம் திரும்புவோம். அவர் கைபேசியில் உள்ள மூலப்படம் கெடவில்லை. அதனைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பும் வசதி செய்திச் செயலிகளில் உண்டு. மின்னஞ்சலில் இணைப்பாகவும் அனுப்பலாம். அவ்வாறு அனுப்பினால் செயலி கோப்பைத் தொடாது. மலைப்பகுதியில் அலைவரிசை நலிந்து நான்கு மெகாபைட் செல்லவில்லையாயின், முழுப் படத்தையும் சிறிதாக்குதல் கூடாது. நோய்ப் புள்ளி உள்ள பகுதியை மட்டும், அளவைக் குறைக்காமல், 1,000-க்கு 750 புள்ளியாக வெட்டி, உயர்ந்த தரத்தில் சேமித்து அனுப்பலாம். கோப்பு சில நூறு கிலோபைட்டே ஆகும். நோய்ப் புள்ளியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு படப்புள்ளியும் ஏறத்தாழ எடுத்தபடியே போய்ச் சேரும். வயல் முழுவதையும் காட்டும் சிறிய படம் ஒன்றையும் உடன் அனுப்பினால் நிபுணருக்கு நோயின் பரவலும் புலப்படும். இலையின் அருகே ஓர் அளவுகோலை வைத்து, நேர் வெயிலைத் தவிர்த்து நிழலில் எடுத்தல் இன்னும் சிறப்பு.

இம்முறை வளையம் தெரிகிறது. உரத்தை நிறுத்த வேண்டா, மண்ணைச் சோதித்துக் குறையான சத்தை இடுக என்று கட்டாக்கிலிருந்து பதில் வருகிறது.